எல்லோரும் நாலு

ஒருவன் அணுகுண்டு போடுவேன் என்று சொன்னால், அவன் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. துவாக்குடியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில், காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை.

மண்டபம் ஓடவில்லை என்று கம்பெனிக்கு விட்டுவிட்டார்கள். மணமேடையில் டீம் லீடர் சுகந்தி மேடம் உட்கார்ந்திருப்பார். மணமகள் அறையில் சர்வர் ஓடும். மேடைக்குக் கீழே கூடத்தில் மேசைக்கு மூன்று பேர். எங்கள் மேசையில் நான், செலின் அக்கா, ஹபீப் பாய். நான் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டவன். பாய் ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடம் வரலாறு நடத்திவிட்டு, பள்ளியை மூடியதும் இங்கே வந்தவர். அக்காவின் கணவர் லூர்து வெல்டர். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு நாடுகள் ஒரு சதுப்பு நிலத்துக்காக அடித்துக்கொண்டிருந்தன. நாற்பது கிலோமீட்டர் உப்பும் சேறும், அதன் முனையில் கெல்மா என்று ஒரு துறைமுகம். எங்கள் திரையில் நாடுகளின் பெயர் வராது. சாய்வு வந்துவிடும் என்று சிவப்பு, நீலம் என்றுதான் வரும். பேப்பர் படிக்கிற எவனுக்கும் எது சிவப்பு என்று தெரியும். கெல்மா நீலத்தின் கையில் இருந்தது. சிவப்புக்கு அது வேண்டும்.

சிவப்பின் அமைச்சர், தளபதி, டிவி பேச்சாளர், மாவட்ட அதிகாரி, யார் எதைச் சொன்னாலும் அது மொழிபெயர்க்கப்பட்டு எங்கள் மேசைக்கு வரும். மூன்று பேரும் தனித்தனியாக மதிப்பெண் போடவேண்டும். அதை ஒரு இயந்திரம் வாங்கி, அணு ஆயுதம் பயன்படுத்தப்படும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று அரை மணிக்கு ஒரு முறை உலகத்துக்குச் சொல்லும். உலகம் அதை 'நம்பர்' என்றது. டிவியின் மூலையில் கிரிக்கெட் ஸ்கோர் போல அது நின்றுகொண்டிருக்கும். ஏழு மாதமாக மூன்று சதவீதம்.

அது ஏன் மூன்றிலேயே நின்றது என்று எனக்குத் தெரியும். மூன்று பேரில் ஒருவர் மட்டும் மற்ற இருவரிடமிருந்து இரண்டுக்கு மேல் தள்ளிப்போனால் அதற்குப் பெயர் விலகல். அந்த மதிப்பெண் நம்பரில் சேராது. மாதத்துக்கு மூன்று விலகல் என்றால் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வாரம் மறுபயிற்சி. அதிலும் தேறாதவர்களை நான் மறுபடி பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மாதம், "கெல்மாவில் இனி காக்காய்கூடப் பறக்காது" என்று ஒரு தளபதி சொன்னதற்கு நான் ஒன்பது போட்டேன். பாய் நாலு, அக்கா நாலு.

"தம்பி, நீ எந்த ஊரு?" என்றார் பாய்.

"லால்குடி பக்கம்."

"அங்க மேடையே போட மாட்டாங்களா? தலைவனுக்கு ஒண்ணுன்னா தமிழ்நாடே எரியும்னு பேசிட்டு, நேரா போயி பிரியாணி தின்னுட்டுப் படுக்கிறவன நீ பாத்ததே இல்லையா?"

"பாத்திருக்கேன் பாய்."

"அதே ஆளுதான் இவனும். சட்டை மட்டும் வேற. நாலு போடு."

அதற்குப் பிறகு நான் நாலு போட்டேன். யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. கொஞ்சம் காரமாகப் பேசினால் ஐந்து, சும்மா பேசினால் மூன்று, மற்றதெல்லாம் நாலு. பாய் சொன்னதில் ஒரு ஓட்டை இருந்தது. மேடையில் உயிரைக் கொடுப்பேன் என்று பேசியவன் எவனும் கொடுத்ததில்லை, சரி. கீழே நின்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டவர்கள் உண்டு. அது எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் மதிப்பெண் மாறும்.

லூர்து அண்ணன் கெல்மாவில்தான் இருந்தார். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் நம் பக்கத்து வெல்டர்கள் முந்நூறு பேர். திங்கட்கிழமை டீ நேரத்தில் படிக்கட்டில் நின்று அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன செலினு, நம்பர் எறங்கவும் மாட்டேங்குது, ஏறவும் மாட்டேங்குது?"

"ஏறணும்னா கேக்குறீங்க?"

"ஆமாடி. பாஸ்போர்ட்டு பூரா ஆபீஸ் லாக்கர்ல கெடக்குது. மொதலாளி என்ன சொல்றான், நம்பர் நாலத் தாண்டினாதான் எமர்ஜென்சியாம், அப்பதான் குடுப்பானாம். அதுவரைக்கும் கான்ட்ராக்டு கான்ட்ராக்டுதானாம்."

"அப்ப நாலு தாண்டினா வந்துடலாம்ல?"

"அதுலயும் ஒரு வெவகாரம் இருக்கு. அஞ்சு ஆச்சுன்னா பிளேன் வராது. இன்சூரன்ஸ் கெடையாதாம். நாலுக்கு மேல, அஞ்சுக்குக் கீழ. அந்தச் சந்துல பூந்து வெளிய வரணும்." சிரித்தார். பின்னால் யாரோ கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். "நேத்து ராத்திரி பட்டறைக்குப் பின்னாடி ஒண்ணு விழுந்துச்சு. குண்டு இல்ல, ராக்கெட்டு. எட்டு பேரு. நம்மாளு ஒருத்தன், மணப்பாறைக்காரன். ஆமா, அந்த நம்பர யாருதான் போடுறானுங்களோ?"

அக்கா சுவரைப் பார்த்தார். வேலைக்குச் சேரும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அண்ணனைப் பொறுத்தவரை அக்கா பேங்க் வேலை ஏதோ டைப் அடிக்கிறார்.

"யாராச்சும் பெரிய ஆளுங்களா இருக்கும்" என்றார்.

மேசைக்குத் திரும்பியதும் அக்கா பாயின் பக்கம் திரும்பாமலே பேசினார். "பாய், நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு நாள் நின்னா போதும்."

"பிரஷர் குக்கர் மாதிரி பேசுறியேம்மா, ரெண்டு விசில்ல எறக்கிக்கலாம்னு."

"கடற்கரைப் பக்கம் பேசுறது எல்லாம் நம்ம மேசைக்குத்தான வருது? வேற ஷிப்டும் கெடையாது. நாலு போடுற எடத்துல நாம மூணு பேரும் ஆறு போடுவோம். மூணு பேரும் ஆறுன்னா விலகலும் இல்ல."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரவி, நீ என்ன சொல்ற?"

"இத்தன நாளா போட்ட நாலு மட்டும் என்ன நெசமா பாய்? இந்தப் பொய்யில ஒருத்தராவது வீட்டுக்கு வருவாரு."

"ஒருத்தர் இல்ல" என்றார் அக்கா. "முந்நூறு பேரு."

அவர் ஒருவரைத்தான் நினைத்தார். நானும்தான். முந்நூறு என்று சொன்னால் கேட்க நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஆறு போட்டோம். மீன்பிடித் துறை அறிக்கைக்குக்கூட ஆறு. பதினோரு மணிக்கு நம்பர் நாலு புள்ளி ஒன்று ஆனது. ஷிப்ட் முடியும்போது நாலு புள்ளி மூன்று. கீழே டீக்கடை டிவியில் கோட்டு போட்ட ஒரு நிபுணர், ஏற்றத்துக்கு என்ன காரணம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். செயற்கைக்கோள் படங்கள், தளபதிகள் மாற்றம், சதுப்பில் புதிதாகப் போட்ட ஒரு சாலை. பாய்க்கு டீ புரையேறியது.

"அந்தாளு மட்டும் நம்ம செலினப் பாத்தா காலுல விழுந்துருவான்."

அடுத்த செய்தியில் கெல்மாவைக் காட்டினார்கள். நம்பர் ஏறியதைக் கேட்டு ஊரே வண்டியை எடுத்திருக்கிறது. ஒரு பெட்ரோல் பங்க்கில் நெரிசல். இரண்டு பேர் செத்துப்போனார்கள், அதில் ஒன்று பெண் குழந்தை. பாய் டம்ளரை வைத்துவிட்டார். அக்கா டிவிக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து போனைப் பார்த்தார். அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கையில் பாஸ்போர்ட்.

முதல் விமானத்தில் நூற்றுப்பத்து பேர். புதன்கிழமை, நம் நேரத்துக்குப் பதினொன்றே காலுக்குப் புறப்பாடு. மீதிப் பேர் வெள்ளிக்கிழமை.

புதனன்று அக்கா தடையை மீறிப் போனை டிபன் பையில் உள்ளே கொண்டுவந்தார். நம்பர் ஐந்தைத் தொட்டுவிடக்கூடாது என்று காலையிலிருந்து மீண்டும் நாலுதான் போட்டுக்கொண்டிருந்தோம். பத்து ஐம்பத்திரண்டுக்கு எங்கள் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. மதிப்பெண் போட இருபத்தைந்து நிமிடம்.

"சிவப்பு. மாவட்டக் கால்நடைத் துறை. மூன்று எல்லை வட்டங்களில் வியாழன் காலை முதல் பால் கொள்முதல் கிடையாது. மாடுகளைக் கொட்டகைக்குள் கட்டவும். வெளியில் மேய விட வேண்டாம். திறந்த குட்டைத் தண்ணீர் காட்ட வேண்டாம். இருப்பு வைக்கோலைத் தார்ப்பாய் போட்டு மூடவும். அடுத்த அறிவிப்பு வரும்."

நான் யோசிக்காமல் நாலு போடப் போனேன். மாட்டுக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இரு. எங்கம்மா வீட்டுல முப்பது வருஷமா சொசைட்டிக்குப் பால் ஊத்துறாங்க. புயலுக்கு எடுத்தான். கொரோனாவுக்கு எடுத்தான். பால எடுக்க மாட்டோம்னு எந்த சொசைட்டியும் சொல்ல மாட்டான் தம்பி. கறந்தத என்ன பண்றது?"

"மாட்டுக்கு ஏதாச்சும் நோயா இருக்கும்க்கா."

"நோயின்னா ஊசி போடுவான், சந்தைய மூடுவான். வைக்கோல எதுக்கு மூடச் சொல்றான்? கொளத்த எதுக்குத் தொடாதங்குறான்?"

பாய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அதை இரண்டாம் முறை படித்தார். வாய் அசைந்தது. "மேலேருந்து என்னமோ விழப்போவுது" என்றார். "புல்லுல விழும். மாடு திங்கும். பால்ல வரும். இந்த மூணு வட்டமும் சதுப்புக்கு நேர் கிழக்க. இப்ப காத்து மேற்கேருந்து."

"அவனே போட்டுட்டு அவன் மாட்டையே..."

"அதான் தம்பி. போடப் போறவனுக்குத்தான் எந்தப் பக்கம் போகும்னு முன்னாடியே தெரியும். மிரட்டுறவன் தேதி சொல்ல மாட்டான். இவன் தேதி போட்டிருக்கான். நாளைக்கு."

ஏழு மாதத்தில் நாங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் மிரட்டல்களுக்கு மதிப்பெண் போட்டிருப்போம். கையை ஓங்கினவன், பல்லைக் கடித்தவன், கடவுளைக் கூப்பிட்டவன். கடைசியில் விஷயம் ஒரு கால்நடை டாக்டரின் கையெழுத்தோடு வந்து நின்றது. அந்த மனிதனுக்குக் கூட முழுதாகத் தெரிந்திருக்காது. மேலே இருந்து எழுதச் சொல்லியிருப்பார்கள். எழுதினான்.

"பத்து" என்றேன் நான். "மூணு பேரும் பத்து போட்டா நம்பர் இருபதத் தாண்டும். எட்டு தாண்டினாலே பெரிய நாடுங்க எல்லாம் உக்காந்து பேசணும்னு ஒப்பந்தம் இருக்கு. கெல்மாவ விட்டு ஜனங்க வெளிய போகலாம்."

அக்கா போனை மடியில் வைத்து எங்களுக்குக் காட்டினார். அண்ணனின் செய்தி. "பிளேன் லேட். 11.45ன்னு சொல்றாங்க. லைன்ல நிக்கிறோம்."

மணி பதினொன்று இரண்டு. எங்கள் நேரம் பதினொன்று பதினேழுக்கு முடியும். நம்பர் மாறுவது பதினொன்றரைக்கு. அது ஐந்தைத் தாண்டினால் பதினொன்றே முக்கால் விமானம் தரையிலேயே நிற்கும். நூற்றுப்பத்து பேரும் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் அங்கே நிற்கும்போதே நாளை வந்துவிடும்.

"ஒரு நாள் இருக்குல்லக்கா" என்றேன். "ரோட்டு வழியா வரலாம்."

"ரோட்டுல நேத்து கொழந்த செத்துச்சு. நீயும்தான பாத்த?"

"கெல்மால மூணு லட்சம் பேரு இருக்காங்க."

"எனக்குத் தெரியாதாடா?" குரல் உயரவில்லை. மேடையில் சுகந்தி மேடம் ஏதோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். "அந்தாளு ஏறட்டும். ஏறின அடுத்த நிமிஷம் நானே மேடத்துக்கிட்டப் போய்ச் சொல்றேன். இத நாலுன்னு போடுங்க. அரை மணி நேரம்டா. அரை மணி நேரத்துல என்ன ஆயிடப் போவுது?"

பாய் எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். கடைசி நிமிடத்தில் அவர் விரல் நாலில் ஒரு முறை தட்டியது. அக்காவும் போட்டார்.

என்னுடையது பாக்கி. நான் மட்டும் பத்து போட்டால் அது விலகல், தூக்கி எறிந்துவிடுவார்கள், நம்பரில் ஒரு புள்ளிகூட ஏறாது. அதனால்தான் நாலு போட்டேன் என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். லூர்து அண்ணனுக்காகத்தான் போட்டேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் இல்லை. ஏழு மாதமாக அந்த விரல் அந்த இடத்தில்தான் விழுகிறது. விழுந்தது.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. "கதவு சாத்திட்டாங்க. போன் ஆஃப் பண்றேன்." அக்கா ஒரு முறை சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் மேடைக்குப் போனோம். கல்யாணத்துக்கு மொய் வைக்கப் போவது போல வரிசையாக ஏறினோம்.

சுகந்தி மேடம் கெட்டவர் இல்லை. முழுதும் கேட்டார். அறிவிப்பை எடுத்துப் படித்தார். முகம் மாறியது.

"இதுக்கு நாலு போட்டிருக்கீங்களே. மூணு பேரும்."

"தப்புப் போட்டுட்டோம் மேடம். தொறந்து விடுங்க, மாத்திடுறோம்."

"மூடினத தொறக்க முடியாது பாய். மூணு பேரும் ஒத்துப் போயிட்டா சிஸ்டம் அத உறுதின்னு எடுத்துக்கும். மறுபரிசீலனைக்கு எழுதிப் போடுறேன். ரெண்டு வேலை நாள் ஆகும்."

"நாளைக்குன்னு போட்டிருக்கான் மேடம்."

"புரியுது. அவசரம்னு எழுதறேன். அதையும் அதே வரிசையிலதான் வைப்பான்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்கள்ல ஒரே ஒருத்தர் தள்ளிப் போட்டிருந்தாக்கூடப் போதும். விலகல் வந்தா அந்த நிமிஷமே மேலாபீஸ்ல ஒரு ஆளு ஒக்காந்து அந்தப் பேப்பரப் படிப்பாங்க. கம்ப்யூட்டர் இல்ல, மனுஷன். படிச்சு, தேவைன்னா நேரா ராஜாங்கத்துக்கே பேசுவாங்க. நம்பர் அசையாது. ஆனா போக வேண்டிய எடத்துக்குப் போயிடும். அதுக்குத்தான் மேசைக்கு மூணு பேரே வெச்சிருக்கு."

நான் ஒருவன் பத்து போட்டிருக்கலாம். நம்பர் அசைந்திருக்காது. விமானமும் போயிருக்கும்.

"இத எங்ககிட்ட யாரும் சொல்லலையே மேடம்" என்றேன்.

"சொன்னா ஆளாளுக்குத் தள்ளிப் போடுவீங்கன்னுதான் சொல்லக் கூடாதுன்னாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆறு மாசமா உங்க மேசையில ஒரு விலகல் கெடையாது. மத்த மேசைக்கெல்லாம் உங்களத்தான் காட்டிட்டிருந்தேன்."

அன்று மாலை பாய் தன் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டார். பெரிய பத்திரிகையில் இருக்கிறான். மாடு, பால், வைக்கோல், காற்று எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அவனும் மரியாதையாகக் கேட்டான். முடிவில், "சார், நம்பர் என்ன சொல்லுது?" என்றான். நாங்கள் மீண்டும் நாலு போட ஆரம்பித்ததில் அது மூன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியிருந்தது. பாய் போனை வைத்துவிட்டார்.

அண்ணன் இடையில் ஒரு விமான நிலையத்தில் இறங்கியதும் அக்கா அவருக்குச் செய்தி அனுப்பினார். கெல்மாவில் இருப்பவர்களை உடனே கிளம்பச் சொல்லுங்கள், எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் பதில் போட்டார். "நம்பர் எறங்கிடுச்சும்மா. மத்தவங்ககிட்ட மொதலாளி பாஸ்போர்ட்டத் திரும்ப வாங்கி வெச்சுட்டானாம். நம்ம பட்டறை போர்மேன் பொண்டாட்டி புள்ளைங்க அவங்க பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாங்க, திரும்ப வரச் சொல்லிட்டான். பயப்படாத."

வியாழன் காலை அக்கா வரவில்லை, திருச்சி விமான நிலையத்துக்குப் போய்விட்டார். நானும் பாயும் ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். வழக்கமாக அந்த நேரத்துக்கு நாற்பது பேச்சாவது காத்திருக்கும். அன்று ஏழு. எட்டரைக்கு ஒன்று. ஒன்பது மணிக்குப் பிறகு திரை வெறுமையாக இருந்தது. சிவப்பிலிருந்து ஒன்றுமில்லை. அமைச்சர் பேசவில்லை, தளபதி பேசவில்லை, டிவி பேச்சாளர்கள் பேசவில்லை. கெல்மாவிலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. பாய் இரண்டு முறை கேபிளைக் கழற்றி மாட்டினார்.

பத்தரைக்கு நம்பர் மூன்று புள்ளி ஐந்து. பதினொன்றுக்கு மூன்று புள்ளி ஒன்று.

"ஏன் பாய் எறங்குது?"

"யாரும் மெரட்டலையே தம்பி."

பதினொன்றரை ஆகப்போகும்போது, நானும் தடையை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த போன் அடித்தது. மேடம் மேடையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். செலின் அக்காவின் எண். பேசியது லூர்து அண்ணன்.

"திரவியா? வந்து எறங்கிட்டேன்ப்பா. இவ என்னன்னா என்னக் கட்டிப் புடிச்சு அழுவுறா, கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. அத வுடு. கெல்மாக்குப் போன் போட்டுப் பாக்குறேன், ஒருத்தனும் எடுக்க மாட்டேங்குறான். போர்மேனுக்கு ரிங்கே போவல. நீ ஆபீஸ்ல டிவி பாக்குற எடத்துலதான இருக்க? நம்பர் என்ன இருக்கு பாரு."

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் நம்பர் மாறியது.

"ரெண்டு புள்ளி எட்டு அண்ணே."

"அப்ப ஒண்ணுமில்ல" என்றார் அண்ணன். "டவர் பிரச்சனையா இருக்கும். சாயங்காலமா போட்டுப் பாக்குறேன்."